இரண்டு மாதம் என்று சொன்னேன்

அப்போது அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் நான். என் கால்மாட்டில் மனைவி சரோஜா. ஜன்னல் ஓரமாக மகள் சுமதி, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை முடித்து அந்தச் சட்டையோடு நேராக வந்தவள். கதவுக்குப் பக்கத்தில் மச்சான் தாமோதரன், சரோஜாவின் தம்பி, கையில் இட்லித் தூக்கு. குளுக்கோஸ் பாட்டிலை மாற்ற வந்த நர்ஸம்மா. நாற்காலியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள். முப்பது வயது இருக்கும். மடியில் ஒரு பைல்.

ஆறு பேர். ஜன்னல் கம்பியில் ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆள் கேட்க வந்தது ஒரே கேள்வி. எத்தனை நாளாக இருக்கிறது?

நான் ஐந்தாவது வரை படித்தவன். பிள்ளையார்பாளையத்தில் தறி. எழுதிப் பழக்கம் இல்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் தெரு ஆட்கள் இரண்டு பேர் தனித்தனியாக வந்தார்கள். ஒருவர் மழையைப் பற்றிப் பேசினார், ஜரிகை விலையைப் பற்றிப் பேசினார், பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வேட்டியை விலக்கிக் காட்டினார். இன்னொருவர் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். இரண்டு பேருக்கும் வாயால் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நோயின் பெயர் குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் அடியில் ஓர் இடம் நைந்துபோகிறது. உள்ளே இருக்கும் குடல் அந்த வழியாகத் தோலுக்கு அடியில் வந்து புடைக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடும். எழுந்தால் வந்துவிடும். எனக்கு வலது தொடை சேரும் இடத்தில். நாள் ஆக ஆக இன்னும் கீழே இறங்கும். எங்கே இறங்கும் என்று ஆண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் நெல்லிக்காய் அளவு இருந்தது. தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு இழைகளை, ஏற்றிய அன்று குளிக்கும்போது கையில் தட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் இல்லை அது. மெடிக்கல் கடையில் அதற்கென்று பெல்ட் விற்கிறார்கள். கடைக்காரர் எங்கள் தெரு. நான் போய்க் கேட்டால் சாயங்காலத்துக்குள் தெருவே பேசும் என்று நினைத்தேன்.

அன்று ஏற்றியது சுமதியின் கல்யாணப் புடவைக்கான பாவு. அந்தப் புடவைக்கு ஒரு கதை உண்டு. எல்லாப் பெண்களும் அரக்கு கேட்பார்கள். இவள் வெங்காயத்தோல் நிறம் வேண்டும் என்றாள். முகூர்த்தத்துக்கு யாராவது அந்த நிறம் கட்டுவார்களா என்று சரோஜா சண்டை போட்டாள். தாமோதரனுக்குச் சாயப்பட்டறை. அவன்தான் பட்டுக்குச் சாயம் போட்டான். இரண்டு தடவை போட்டுக் காட்டினான், இவள் வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவைதான் தலையாட்டினாள். எங்கள் பக்கத்தில் அந்த நிறத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் பாவு ஓட்டியதாக எனக்குத் தெரியாது.

புடவை நெய்து முடித்ததும் அந்தப் பாவின் கடைசியில் ஒன்றேகால் கஜம் மிச்சம் நின்றது. அதில் ஆறு அங்குல அகலத்துக்கு மட்டும் ஒரு பட்டை நெய்தேன். புடைக்கும் இடத்துக்கு நேராகப் பஞ்சைச் சுருட்டி உள்ளே வைத்துத் தைத்தேன். இரண்டு முனையிலும் கயிறு. படுத்தபடியே உள்ளே தள்ளிவிட்டு, பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தால் சாயங்காலம் வரை தாங்கும். தறியில் உட்காரலாம். மிதிக்கலாம்.

நானே அலசுவேன். தறிக்குழிக்குள் மிதிகட்டைக்கு அடியில் ஒரு ஆணி அடித்து அதில் காயப்போடுவேன். அந்தக் குழிக்குள் என் கால்களைத் தவிர யாரும் இறங்குவதில்லை. நானும் சரோஜாவும் தனித்தனிப் பாயில் படுக்க ஆரம்பித்து வருஷங்கள் ஆகியிருந்தன. அதனால் அவளுக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சுமதி இந்த இன்ஷூரன்ஸ் எடுத்து இது நான்காவது வருஷம். அவள் சம்பளத்தில் எனக்கும் அவள் அம்மாவுக்கும் சேர்த்து எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் படிவத்தை நிரப்பினாள். ஒவ்வொரு வியாதியாகப் படித்தாள்.

“அம்மா, உனக்கு?”

“சக்கர. தெரிஞ்சதுதானே.”

“அப்பா, உனக்கு சக்கர? பிரஷர்? கட்டி? வீக்கம்? குடலிறக்கம்?”

“இல்ல.”

“யோசிச்சு சொல்லுப்பா. மறைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது.”

“எனக்கு இன்னா. மணி மாதிரி இருக்கேன். நீ எழுதும்மா.”

எழுதினாள். கையெழுத்தும் அவள்தான் போட்டாள். அப்போது பட்டை என் இடுப்பில் இருந்தது. என் கால் மிதியை விடவில்லை.

நான் படுக்கையில் விழுந்தது ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு வயிற்றில் முறுக்கியது. கால்கள் குழிக்குள் இருக்க, அப்படியே பின்னால் படுத்துத் தள்ளிப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. கல் மாதிரி இருந்தது. வாந்தி எடுத்தேன். தறிக்குழியிலிருந்து என்னால் ஏற முடியவில்லை. சரோஜா சத்தம் போட, தாமோதரன் ஓடி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் “காத்துதான் மாமா, காத்துதான்” என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

தனியார் ஆஸ்பத்திரி. சுமதி போனில் அங்கேதான் போகச் சொன்னாள். “நாலு வருஷமா கட்டிக்கினு இருக்கேன். எதுக்குக் கட்டறேன்? அங்கியே போங்க.”

அவசரப் பிரிவில் என் துணியைக் கழற்றினார்கள். நர்ஸ் ஒருத்தி பட்டையை அவிழ்த்து, என்ன என்று கேட்காமல், ஒரு கவரில் போட்டு சரோஜாவிடம் கொடுத்தாள். டாக்டர் ஊசி போட்டு, கால் பக்கம் கட்டிலை உயர்த்தி, கையால் மெதுவாக அழுத்தினார். அரை மணி நேரம். உள்ளே போனது. போன சத்தம் எனக்கே கேட்டது.

“இந்தத் தடவ போயிடுச்சு பெரியவரே. அடுத்த தடவ மாட்டிக்கினா குடல் கறுத்துடும். வெட்டித்தான் எடுக்கணும். ரெண்டு மூணு நாள்ல ஆபரேஷன் பண்ணிடணும்.”

எழுதிக்கொள்ள வந்தது ஒரு சின்ன டாக்டரம்மா. அதற்குள் சுமதி வந்துவிட்டாள். என் தலைமாட்டில் நின்று நெற்றியில் கை வைத்திருந்தாள்.

“எவ்ளோ நாளா இந்த வீக்கம் இருக்குதுங்கய்யா?”

மகளின் கை நெற்றியில் இருக்கிறது.

“ரெண்டு மாசம்” என்றேன்.

முன் அனுமதி என்று ஒன்று உண்டு. கத்தி வைப்பதற்கு முன்னால் கம்பெனி சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாம் கையிலிருந்து கட்ட வேண்டாம். சொல்லாவிட்டால் கட்ட வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். அங்கே அதற்குப் பெயர் அப்ரூவல். கீழ்தளத்தில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு மேடம் உட்கார்ந்திருந்தார். எதிரே இருபது நாற்காலி. உட்கார்ந்திருந்த எல்லோரும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்கள். மதியம் ஆபரேஷன். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி இதயம் ஓடுவதைத் தாளில் எடுத்தார்கள். வயிற்றில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். சரோஜாவும் சாப்பிடவில்லை. சர்க்கரைக்காரி, சாப்பிடு என்றேன். “எனக்கும் பசிக்கல” என்றாள். இரண்டு மணிக்கு நர்ஸம்மா வந்து, இன்று இல்லை, சாப்பிடுங்கள் என்றார். கம்பெனி ஒரு கேள்வி அனுப்பியிருந்தது. ஆதாரில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறது, பாலிசியில் பின்னால் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று.

சுமதி எழுதிக் கொடுத்தாள்.

புதன்கிழமை மறுபடி பட்டினி. மறுபடி கேள்வி. இதற்கு முன்னால் இந்த நோவுக்குப் பார்த்த டாக்டர் சீட்டுகள் எல்லாம் வேண்டும்.

“எங்கப்பா எந்த டாக்டரும் பாக்கல மேடம்” என்றாள் சுமதி.

“பாக்கலன்னு ஒரு லெட்டர் குடுங்க.”

“பாக்காததுக்கு லெட்டரா?”

“நான் கேக்கலம்மா. அவங்க கேக்கறாங்க.”

என்னைச் சக்கர நாற்காலியில் ஸ்கேனுக்கு மறுபடி கொண்டுபோகும் வழியில் அங்கே நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மனைவியின் கிட்னிக் கல்லுக்காக மூன்று நாளாகக் காத்திருந்தார். “சாமி கிட்ட பூ கேட்டாகூட அரை மணியில சொல்லிடும். இவங்க சொல்ல மாட்டேன்றாங்க” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் அடிவயிறு வலிக்கும், கையால் பிடித்துக்கொண்டேன்.

அன்று மாலை மூன்றாவது கேள்வி வந்தது. ஸ்கேனில் இருக்கும் அளவைப் பார்த்தால் இரண்டு மாதத்து வீக்கமாகத் தெரியவில்லை, டாக்டர் விளக்கம் தர வேண்டும்.

ஆபரேஷன் செய்ய வேண்டிய பெரிய டாக்டர் மேலே வந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தார்.

“ரெண்டு மாசத்துல இவ்ளோ பெரிசா ஆகாதே பெரியவரே.”

“வேகமா வளந்துடுச்சு சார்.”

என்னைப் பார்த்தார். சுமதியைப் பார்த்தார். பிறகு எழுதினார். ‘நோயாளி சொன்னபடி இரண்டு மாதம்.’ சுமதி அதை எடுத்துக்கொண்டு கீழே போனாள். போனவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று போட்ட சத்தத்தை தாமோதரன் வந்து சொன்னான். சந்தோஷமாகச் சொன்னான்.

“பாப்பா பிச்சு ஒதறிட்டா மாமா. எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு, நாப்பது வருஷமா தறியில ஒக்காந்தவரு, ஒரு இழை திருடினது கெடையாது, அவரு ரெண்டு மாசம்னா ரெண்டு மாசம்தான்னு கேட்டா பாரு. அந்தம்மா கம்முனு ஆயிட்டாங்க.”

நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன். குடல் வலிக்கிறதா என்று சரோஜா கேட்டாள். இல்லை என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் என் மகளிடம் மட்டும்தான் சொல்லியிருப்பேன். அந்த இடத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். வாய் வரவில்லை.

வியாழக்கிழமை காலை நான் கண் விழித்தபோது ஜன்னல் கம்பியில் பட்டை தொங்கியது. சரோஜா அதை அலசிப் பிழிந்து போட்டிருந்தாள். வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. வெங்காயத்தோல் நிறம்.

“அத ஏன் அங்க போட்டே?”

“ஈரத்தோட மடிச்சு வெச்சா நாறும்.”

அவ்வளவுதான் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்குச் சாக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும்.

மாலையில் அந்த ஆள் வந்தார். கம்பெனி சந்தேகப்பட்டால் நேரில் பார்த்து வர ஆள் அனுப்புவார்களாம். நல்ல பையன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். என் பெயர், தொழில், வீடு எல்லாம் கேட்டு எழுதினார். பிள்ளையார்பாளையம் என்றதும் நிமிர்ந்தார்.

“எங்கப்பாவும் தறிதாங்கய்யா. நான்தான் இப்பிடி பைலத் தூக்கிக்கினு சுத்தறேன்.”

“மிதிக்கத் தெரியுமா?” என்றான் தாமோதரன்.

“ஏழாவது வரைக்கும் எங்கப்பாவுக்குக் கோர்வ வாங்கினேண்ணா. கேட்டுப் பாருங்க.”

எல்லோருக்கும் இளகிவிட்டது. கரை வேறு நிறம் வரும் புடவைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து குறுக்கிழை ஓட்டும் நாடாவை வாங்கிப் போடும் வேலை அது. அதைச் செய்தவன் நம் வீட்டுப் பிள்ளை. சரோஜா அவருக்கு இட்லி வேண்டுமா என்று கேட்டாள். நர்ஸம்மா பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் இவர் எழுதிக்கொண்டு போய்விடுவார், நாளைக்குக் கத்தி வைத்துவிடுவார்கள் என்றுதான் தோன்றியது.

அவர் பார்வை ஜன்னலுக்குப் போனது. தறிக்காரன் வீட்டுப் பிள்ளை, துணியைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. எழுந்துபோய் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“கைத்தறி. பாவு நல்ல முறுக்கு. இன்னா கலருங்க இது, நான் பாத்ததே இல்லையே.”

சுமதி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாளாக அவள் கீழேயும் மேலேயும் ஓடிக்கொண்டிருந்தாள், ஜன்னலைப் பார்க்க நேரம் இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

“ஐயோ, இது என் கல்யாணப் பொடவ கலரு! மாமா, நீ போட்ட சாயம் மாமா!”

தாமோதரன் தூக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தான். பட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். அழுத்தித் தேய்த்து விரலைப் பார்த்தான். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“பாத்தியா தம்பி! ஒம்போது வருஷம். ஒம்போது வருஷமா வேர்வையிலயும் தண்ணியிலயும் கெடந்து அடிபட்டிருக்குது. ஒரு சொட்டு விட்டிருக்குதா பாரு! எந்தப் பட்டறையில போடுவான் இந்தச் சாயம்?”

அந்தப் பையனின் பார்வை பட்டையின் முனையில் தொங்கிய கயிற்றுக்குப் போனது, பிறகு என் இடுப்புக்கு வந்தது.

தாமோதரன் இன்னும் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு பட்டையின் நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த இடம் அவன் கைக்குத் தட்டுப்பட்டது. தையல் என் தையல். பஞ்சு கெட்டியாகி ஒரு கிண்ணம் மாதிரி உடம்பின் வடிவத்துக்கு வந்திருந்தது. என்ன என்று பார்த்தான். என்னைப் பார்த்தான். பட்டையைத் திரும்பக் கம்பியில் போட்டான். 

நர்ஸம்மா காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தப் பையன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பேனாவை மூடினார், திறந்தார்.

“ஐயா, நான் துணியப் பத்திக் கேட்டது சும்மா கேட்டது. அத எழுதல. நோவப் பத்தி இன்னும் கேக்கல. இப்பதான் கேக்கறேன். நீங்க இன்னா சொல்றீங்களோ அதான் எழுதுவேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “எத்தினி நாளா இருக்குதுங்கய்யா?”

எனக்கு வழி விட்டார். அதை நான் அப்போதே புரிந்துகொண்டேன். சுமதி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயசில் பரீட்சைத் தாளை நீட்டிக்கொண்டு நிற்பாளே, அதே மாதிரி நின்றாள்.

“ரெண்டு மாசம்” என்றேன்.

எழுதி வைக்கிறேன். நர்ஸம்மா போக மீதி நான்கு பேர் முன்னால், தெரிந்துபோன பிறகும், அதையே சொன்னேன்.

அவர் பேனா தாளில் படவில்லை. அதற்குள் சுமதி பேசினாள். சத்தம் இல்லாமல் பேசினாள்.

“ஒம்போது வருஷம்னு எழுதிக்கோங்க சார்.”

“அம்மா, நீங்க யோசிச்சு…”

“கையெழுத்து நான்தானே போட்டேன். மொதல்ல தெரியாம போட்டேன். தெரிஞ்ச பெறகு பொய் சொல்லக் கூடாது. எழுதுங்க.”

எழுதினார். அவளிடம் கையெழுத்து வாங்கினார். என்னிடம் வாங்கும்போது “இங்க போடுங்கய்யா” என்று இடத்தைக் காட்டினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். இட்லி சாப்பிடவில்லை.

சரோஜா கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே என் போர்வையை இழுத்துச் சரி செய்தாள். “எனக்கு மொத நாளே தெரியும். கவர்ல பாத்தேன்” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை சுமதியின் போனுக்குப் பதில் வந்தது. அனுமதி இல்லை. பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்திருக்கிறீர்கள் என்று, அவள் பெயர் போட்டு, அவளுக்கு. எனக்கு அல்ல. அவள் அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. நான்தான் போனை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாலிசியையே ஏன் நிறுத்தக் கூடாது என்று பதினைந்து நாளில் பதில் சொல்லவும் கேட்டிருந்தார்கள். நிறுத்தினால் சரோஜாவுக்கும் போய்விடும். அவள் எதையும் மறைத்தவள் அல்ல.

கணக்கு முடிக்கக் கீழே போனபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மேடம் என்னிடம் ஒன்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

“பாலிசி எடுத்த அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, மொத மூணு வருஷம் மட்டும் இந்த நோவுக்குக் குடுக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் குடுத்துடுவாங்க. இது உங்களுக்கு நாலாவது வருஷம் பெரியவரே.”

அந்த இரண்டு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று சொன்னேன் இல்லையா. இந்த இடம்தான் அவர்களுக்கு. உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்று வருஷம் காத்திருந்தால் போதும். நான் காத்திருந்தது ஒன்பது.

அரசு மருத்துவமனைக்குப் போனோம். பெரிய வார்டு. அங்கே சீட்டு எழுதிய டாக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருஷம் என்றேன். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. எதிர்க்கட்டில்காரர் “எனக்குப் பன்னெண்டு” என்றார். அவர் ஒரு மூட்டை தூக்குகிறவர். கீரை விலை சொல்வதுபோலச் சொன்னார்.

ஆறாவது நாள் செய்தார்கள். முதுகில் ஒரு ஊசி. நாற்பது வருஷம் மிதித்த கால்கள் இருக்கிற இடம் தெரியாமல் போயின. கண் விழித்தபடிதான் இருந்தேன். நைந்த இடத்தில் ஒட்டுப் போடுவதற்கு வலை மாதிரி ஒரு துணி வைத்துத் தைக்கிறார்கள். ஆரம்பிக்கும் முன் டாக்டர் எனக்குக் காட்டினார். நெய்தது இல்லை, பின்னியது. இழை உதிராது. நல்ல துணி என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

அந்த நாட்களில் சுமதி தினமும் வந்தாள். வேலை முடித்து பஸ் பிடித்து வருவாள். கஞ்சி ஊற்றிக் கொடுப்பாள். என் கால் நகத்தை வெட்டிவிட்டாள், என்னால் குனிய முடியாது என்று. ஆனால் பேசவில்லை. “தண்ணி வேணுமா?” “வலிக்குதா?” அவ்வளவு. வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு நான் சொல்லும் பதிலைக் கேட்பதில்லை. நர்ஸிடம் போய்க் கேட்பாள். அதுதான் எனக்குத் தையலைவிட அதிகமாக வலித்தது.

தாமோதரன் ஐந்து நாள் வரவே இல்லை. பிறகு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“என் வாயிலதான் சாயத்தக் காய்ச்சி ஊத்தணும் மாமா.”

“சாயம் நல்ல சாயம்தான்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் கையாலேயே எழுதினேன், பிழையோடு. மறைத்தது நான். என் மகள் படித்துக் கேட்டாள், நான் இல்லை என்றேன். என் மனைவி தன் சர்க்கரையை மறைக்கவில்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள், அவள் பெயரை விடுங்கள். அடியில் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்குத் தாமோதரனைப் போடச் சொன்னேன். சுமதி அதைப் படித்தாள். மடித்து, தன் கடிதத்தோடு வைத்து அனுப்பினாள். 

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. சரோஜாவுக்குத் தொடர்கிறது. என் பெயரை நீக்கிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுமதி வந்தாள். நான் தறியில் இல்லை, மூன்று மாதம் மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பைக்குள்ளிருந்து ஒரு நோட்டும் பேனாவும் எடுத்தாள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே இடம்.

“அம்மாவுக்குக் கம்பெனி இருக்குது. உனக்கு இனிமே கம்பெனி கெடையாதுப்பா. நான்தான். அதனால எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“இன்னா தெரியணும்?”

“இன்னும் எத்தினி நோவ மறைச்சு வெச்சிருக்கே?”

உள்ளேயிருந்து சரோஜா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

“மணி மாதிரி இருக்கேன்னு மட்டும் சொல்லாத. எண்ணிச் சொல்லு. நான் எழுதிக்கறேன்.”

துண்டுக்கு அடியில் விரலை மடக்கி எண்ணினேன். ஒரு தடவை எண்ணி, சரிபார்க்க மறுபடியும் எண்ணினேன். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“நாலு.”